மூத்தோர் முன் மாணவராக: ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பள்ளி முதல்வர் பூர்வகுடிப் பண்பாட்டில் கற்பது என்ன?

ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாணவர் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கிறார். சிட்னியிலும் மெல்பர்னிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அந்தப் பள்ளிகளில் ஒரு பெருவிழா என்றால், கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடான திருப்பலி தொடங்குமுன் பூர்வகுடி மூத்தவர் ஒருவர் பச்சை இலைகளைக் கனலில் இட்டுப் புகை எழுப்புவதைப் பார்க்கலாம். அந்த மண்ணின் மரபுவழி உரிமையாளர்களுக்கு மரியாதை சொன்ன பிறகே முதல்வர் பேசத் தொடங்குவார். அண்மையில் பூர்வகுடி ஊர் ஒன்றில் தங்கித் திரும்பியதாகவும், தன் செபம் அங்கே மாறியதாகவும் அவர் சொல்லக்கூடும்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் இதைப் பற்றி விசாரித்தால் பதில்கள் பல திசையில் போகும். அரசுக்காகச் செய்யும் சம்பிரதாயம் என்பார் ஒருவர். இரண்டு மதங்களைக் கலக்கிறார்கள் என்று முகம் சுளிப்பார் இன்னொருவர். முதல்வருக்குப் பதவி உயர்வுக்கான பயிற்சி, அவ்வளவுதான் என்று முடித்துவிடுவோரும் உண்டு. மூன்றுமே தவறான புரிதல்கள் என்பது என் எண்ணம். ஒரு கத்தோலிக்கப் பள்ளித் தலைவரின் உள்ளத்தில் இந்தக் கல்வி எப்படி வேலை செய்கிறது என்பதை, இதுபற்றி எதுவும் தெரியாதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே வழக்கம் கொண்டவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1788இல் ஆங்கிலேயர் குடியேறத் தொடங்கியபோது அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. இன்றைய சிட்னி நகரின் நடுப்பகுதி கடிகல் மக்களின் மண். மெல்பர்னின் பெரும்பகுதி வுருண்ட்ஜெரி மக்களுடையது. டார்வின் லரக்கியா மக்களுடையது. வடக்கே டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் தனிப் பண்பாடு உடையவர்கள். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பூர்வகுடியினர், டோரஸ் தீவினர் என்று தம்மைப் பதிவு செய்தவர்கள் 8 லட்சத்துக்கும் மேல்.

தமிழர் கூட்டங்களில் இந்தப் பேச்சு எடுத்தாலே நம் வளரியும் அவர்கள் எறியும் பூமராங்கும் ஒன்று, அவர்களும் நாமும் ஒரே வேர் என்று உரையாடல் திசை திரும்பிவிடுகிறது. கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டிலேயே திராவிட மொழிகளுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் சில ஒற்றுமைகளைச் சுட்டியது உண்மை. இன்றைய மொழியியலாளர்கள் அதை உறவுக்கான சான்றாக ஏற்பதில்லை. அதைவிட முக்கியமாக, ஒரு மக்களை நம்முடைய கிளையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டால், அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்வதைக் கேட்கும் பொறுமை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. இந்தக் கட்டுரைக்கு அந்தப் பொறுமைதான் தேவை.

'மண்' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

பூர்வகுடியினர் ஆங்கிலத்தில் பேசும்போது 'கன்ட்ரி' என்று ஒரு சொல்லை ஆள்கிறார்கள். தேசம், அரசு என்ற பொருளில் அவர்கள் அதைச் சொல்வதில்லை. இங்கே அதை 'மண்' என்று குறிப்பிடுகிறேன்.

நம்மிடையே 'சொந்த ஊர் எது?' என்று ஒரு கேள்வி உண்டு. சென்னையில் பிறந்து வளர்ந்த ஒருவர்கூட அதற்குத் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைச் சொல்வார். அங்கே அவருக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் குலதெய்வம் அங்கே இருக்கிறது. முன்னோர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். கோயில் கொடை விழா என்றால் போயாக வேண்டும். பத்திரத்தில் இல்லாத உரிமை அது. அந்த ஊருக்கு வருகிறவரை 'வாருங்கள்' என்று அழைக்கும் பாத்தியதை ஊர்க்காரருக்கே உண்டு.

மண்ணைப் புரிந்துகொள்ள இது ஒரு வாசல். மண்ணின் மக்களே முன்னின்று வரவேற்கும் சடங்குக்கு 'மண்ணின் வரவேற்பு' என்று பெயர். வெளியாரான முதல்வரோ மாணவரோ சொல்வது 'மண்ணுக்கு மரியாதை' மட்டுமே. வரவேற்கும் உரிமை முதல்வருக்குக் கிடையாது. பள்ளி நிலத்தின் பத்திரம் மறைமாவட்டத்தின் பெயரில் இருந்தாலும் கிடையாது.

சொந்த ஊர் என்ற ஒப்புமை இதற்கு மேல் செல்லாது. நமக்கு ஊர் மனிதர் வாழும் இடம். பூர்வகுடிப் பார்வையில் மண், நீர், விலங்கு, செடி, காற்று, முன்னோர், மொழி, சட்டம் எல்லாம் சேர்ந்த ஒரே உறவுக் குடும்பம் அது. மனிதர் அதற்கு உடைமையாளர் என்பதைவிட, அதன் பிள்ளைகள், அதைப் பேணும் கடமைப்பட்டவர்கள். படைப்புக் காலத்து முன்னோர் அந்த நிலத்தில் நடந்து மலையையும் ஆற்றையும் உண்டாக்கினார்கள். அந்தக் காலம் முடிந்துபோகவில்லை, இன்றும் நிகழ்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை. ஆங்கிலேயச் சட்டமோ அந்தக் கண்டத்தை உரிமையாளர் இல்லாத நிலமாகவே நடத்தியது. 1992இல் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தக் கருத்தைத் தூக்கி எறியும்வரை அதுவே நிலைத்திருந்தது.

வட ஆஸ்திரேலியாவின் டேலி ஆற்றங்கரை மக்களின் காலக்கணக்கைப் பார்த்தால் இந்த உறவு எவ்வளவு நுட்பமானது என்று தெரியும். அவர்களுக்கு ஆண்டில் 13 பருவங்கள். ஈட்டிப்புல் என்னும் உயரமான புல் முளைப்பது, பூப்பது, காய்வது, சாய்வது, எரிவது என்று அதன் வாழ்க்கையை ஒட்டியே பெரும்பாலான பருவங்களுக்குப் பெயர். சங்கப் பாடல்களில் வரும் கோங்க மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் அங்கே உண்டு. அதில் மஞ்சள் பூ பூத்தால், ஆற்றில் நன்னீர் முதலைகள் முட்டையிடுகின்றன என்று பொருள். பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு பூ, ஆற்று மணலுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறது.

இதுவரை: பூர்வகுடிகள் பல மக்கள், பல மொழியினர். அவர்களுக்கு மண் என்பது உடைமை ஆகாது. உறவு, கடமை, வழிபாடு மூன்றும் சேர்ந்தது. வரவேற்பது மண்ணின் மக்கள்; மற்றவர்கள் மரியாதை செலுத்துகிறவர்கள்.

தாதிரி: கேட்பது எப்படி?

டார்வினிலிருந்து தெற்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில், டேலி ஆற்றின் கரையில் நௌயு என்ற ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 1886இல் இயேசு சபையினர் மறைப்பணித் தளம் ஒன்றை அமைத்து 1899வரை நடத்தினார்கள். 1950களில் திரு இருதய மறைப்பணியாளர்கள் வந்து பணியைத் தொடர்ந்தார்கள். இந்த ஆற்றங்கரைப் பூர்வகுடி மக்களில் பிறந்தவர் மிரியம்-ரோஸ் உங்குன்மர்-பாவ்மன். வடக்கு ஆட்சிப்பகுதியில் முழுத் தகுதி பெற்ற முதல் பூர்வகுடி ஆசிரியர் அவர். ஓவியரும்கூட. பின்னாளில் தன் ஊரிலேயே புனித பிரான்சிஸ் சவேரியார் கத்தோலிக்கப் பள்ளியின் முதல்வராக இருந்தார். 2021இல் ஆஸ்திரேலியாவின் அந்த ஆண்டுக்கான மூத்த குடிமகன் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1988இல், ஆங்கிலேயக் குடியேற்றத்தின் 200ஆவது ஆண்டை நாடு கொண்டாடியபோது, அவர் தன் மக்களிடம் வழங்கும் ஒரு பண்பைப் பற்றிப் பேசினார். அதன் பெயர் தாதிரி. உள்ளுக்குள் ஆழ்ந்து கேட்டபடி, அமைதியாக, விழிப்போடு இருத்தல் என்று அதை விளக்கலாம். கிறிஸ்தவர்கள் தியான செபம் என்று சொல்வதற்கு அது நெருக்கமானது என்று அவரே சொன்னார். ஆஸ்திரேலியாவின் மற்ற மக்களுக்குத் தன் மக்கள் தரக்கூடிய கொடை அது என்றும் சொன்னார்.

தாதிரி என்றால் கண்ணை மூடி உட்கார்ந்து மனத்தை அடக்குவது என்று பலர் எண்ணுகிறார்கள். நௌயுவில் பெண்கள் பை பின்னுவதைப் பார்த்தால் அது எவ்வளவு கைவேலையோடு கலந்தது என்று புரியும். மணற்பனையின் குருத்தோலையை உருவி, அதன் மேல்தோலை நகத்தால் பிரித்து, நூலாகக் கிழிக்கிறார்கள். மண்ணைத் தோண்டி எடுத்த வேர்களை இடித்து நீரில் கொதிக்கவைத்துச் சாயம் இறக்குகிறார்கள். மஞ்சளும் சிவப்பும் ஊதாவும் வருகின்றன. பின் நூலைத் தொடைமேல் வைத்து உருட்டி முறுக்குகிறார்கள். கற்க வருகிறவருக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. அருகில் உட்கார வேண்டும். கையைப் பார்க்க வேண்டும். ஓலையைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு முயல வேண்டும். பார்த்தல், கேட்டல், காத்திருத்தல், அதன்பின் செய்தல் என்ற இந்த வரிசையே தாதிரியின் உடம்பு. அங்கே குழந்தைகள் இப்படித்தான் கற்கிறார்கள். இறைவன் முன்னும் இப்படித்தான் இருக்கிறார்கள்.

காத்திருத்தல் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பருவம் மாறும்வரை, மீன் வரும்வரை, துக்கம் ஆறும்வரை, இளையவர் பெரியவராகும்வரை அவசரமின்றி இருப்பது அது. பல பூர்வகுடிச் சமூகங்களில் நேருக்கு நேர் கேள்வி மேல் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. பேச்சின் நடுவே வரும் மௌனம் அங்கே யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. காலையில் கேட்டதற்கு மாலையில் பதில் வரலாம்.

இது ஒரு முதல்வரை எப்படி மாற்றுகிறது?

ஒரு காலத்தில் ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பள்ளிகளை அருட்சகோதரிகளும் அருட்சகோதரர்களும் நடத்தினார்கள். செபமும் தியானமும் அவர்களின் துறவு வாழ்விலேயே அமைந்திருந்தன. இன்று பெரும்பாலான பள்ளிகளில் முதல்வர்கள் குடும்பத்தினரான பொதுநிலையினர். பள்ளியின் நிதி, கட்டடம், தேர்ச்சி எல்லாவற்றோடும் சேர்த்து, பள்ளியின் நம்பிக்கை வாழ்வுக்கும் அவர்களே பொறுப்பு. காலையில் ஆசிரியர்களுக்கு முன்னால் நின்று செபத்தை நடத்துகிறவரும் முதல்வர்தான். அவருக்குத் துறவு மடத்துப் பயிற்சி கிடையாது. அதனால் மறைமாவட்டங்கள் தலைவர்களுக்கென்று ஆன்மிக உருவாக்கம் ஏற்பாடு செய்கின்றன. பூர்வகுடி மக்களோடு தங்கிக் கற்பது அதில் ஒரு பகுதியாக வளர்ந்திருக்கிறது.

முதல்வரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். எல்லாரும் அவரிடம் பதில் கேட்டு வருகிறார்கள். சற்றே தயங்கினாலும் திறமைக் குறைவு என்பார்கள். பேசுவது அவர் தொழில். முடிவெடுப்பது அவர் கடமை. இந்தப் பழக்கம் மெல்ல அவருடைய செபத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. கடவுளிடம் விண்ணப்பப் பட்டியலை வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

இப்படிப்பட்டவர் ஆற்றங்கரையில் மூத்த பெண்களுக்கு அருகில் உட்காரும்போது அவர் கையிலிருந்த எல்லாம் பயனற்றுப் போகின்றன. அவருடைய பதவி அங்கே யாருக்கும் ஒரு பொருட்டில்லை. நிகழ்ச்சி நிரல் இல்லை. கேள்வி கேட்டால் பதில் உடனே வராது. முதலில் எரிச்சல் வரும், பிறகு சலிப்பு. இரண்டையும் தாங்கி உட்கார்ந்திருப்பவருக்கு, தன் வாழ்க்கையில் எவ்வளவு பேச்சு பயத்தை மறைக்கப் பேசிய பேச்சு என்று தெரியத் தொடங்குகிறது. ஓரேபு மலையில் எலியாவுக்குக் கடவுள் சுழற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் வரவில்லை, அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஒலியில் வந்தார் என்ற விவிலியப் பகுதியை அவர் பலமுறை வாசித்திருப்பார், மறையுரைகளில் கேட்டிருப்பார். அந்த மெல்லிய ஒலியைக் கேட்க ஒருவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பதை அவருக்குக் கற்றுத்தந்தவர்கள், படிப்பறிவில்லாதவர்கள் என்று நாடு ஒதுக்கிவைத்திருந்த மக்கள்.

இதை நான் வளர்ச்சி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கத்தோலிக்க மரபில் 'தெளிந்து தேர்தல்' என்று ஒரு பழக்கம் உண்டு. முடிவெடுக்குமுன் இறைவனின் விருப்பம் எது என்று உள்ளத்தின் அசைவுகளைக் கவனித்து அறிவது அது. கேட்கத் தெரியாதவரால் அதைச் செய்யவே முடியாது. தாதிரியைக் கற்ற முதல்வர் பள்ளிக்குத் திரும்பி, ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கேள்வியை வைத்துவிட்டு உண்மையாகவே காத்திருக்கிறார். தலை குனிந்து நிற்கும் பூர்வகுடி மாணவனின் மௌனத்தைத் திமிர் என்று எண்ணாமல் அவனுக்கு அவகாசம் தருகிறார். பள்ளி எழுந்திருக்கும் நிலத்தை வெறும் வளாகமாகப் பார்க்க அவரால் முடிவதில்லை. ஓடையைத் திருப்பிவிட்டு விளையாட்டுத் திடல் அமைக்கும் திட்டம் வந்தால், அந்த மண்ணின் மூத்தோரிடம் முதலில் போய்க் கேட்கிறார்.

சுருக்கமாக: பூர்வகுடிகளைப் பற்றிய தகவல்கள் முதல்வரை மாற்றுவதில்லை. தெரிந்தவர் என்ற இடத்திலிருந்து இறங்கி மாணவராக அமர்வதே அவரை மாற்றுகிறது. அந்த அமைதி அவருடைய செபத்துக்கும், பின்னர் அவருடைய முடிவுகளுக்கும் வந்துசேர்கிறது.

காயத்தையும் கற்க வேண்டும்

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். மேற்கு ஆஸ்திரேலியாவில், புரூம் நகருக்கு வடக்கே, ந்யுல் ந்யுல் மக்களின் மண்ணில் பீகிள் பே என்ற மறைப்பணித் தளம் 1890இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள திரு இருதய ஆலயம் முதல் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மானிய மறைப்பணியாளர்களும் பூர்வகுடி மக்களும் சேர்ந்து கட்டியது, 1918இல் திறக்கப்பட்டது. செங்கல்லைக் கையால் அறுத்துச் சுட்டார்கள். கடற்சிப்பியை எரித்துச் சுண்ணாம்பு எடுத்தார்கள். பீடம் முழுக்க முத்துச்சிப்பி பதித்திருக்கிறார்கள். கிறிஸ்தவ அடையாளங்களோடு பூர்வகுடி மக்களின் சின்னங்களும் அதில் உண்டு. வெயில் படும்போது பால் நிறத்தில் மின்னும் அந்தப் பீடத்தைக் கண்டவர்கள் மறப்பதில்லை.

அதே பீகிள் பேக்குத்தான் கிம்பர்லி வட்டாரத்தின் பல மூலைகளிலிருந்து தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் கொண்டுவரப்பட்டார்கள். ஏறத்தாழ 1910 முதல் 1970வரை அரசின் கொள்கையாக நடந்த இந்தப் பிரிப்புக்கு ஆளானவர்களை 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்கிறார்கள். பத்தில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடைப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் அவ்வாறு பிரிக்கப்பட்டதாக 1997ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். திருச்சபையின் மறைப்பணித் தளங்கள் அந்தக் கொள்கைக்கு இடம் கொடுத்தன. பல இடங்களில் குழந்தைகளுக்குத் தாய்மொழி பேசவும் தடை இருந்தது.

கத்தோலிக்கப் பள்ளித் தலைவர் ஒருவர் இதை வரலாற்றுப் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் நடத்தும் அதே நிறுவனக் குடும்பத்தின் கதை இது. நாள் முடிவில் தன் நடத்தையைக் கடவுள் முன் வைத்துப் பார்க்கும் ஆன்மச் சோதனை கத்தோலிக்கர்களுக்குப் பழக்கமானது. அதைத் தனிமனிதப் பாவங்களோடு நிறுத்தாமல், தான் சார்ந்த திருச்சபையின் செயல்களுக்கும் விரித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இது கடினமான செபம். பாதிக்கப்பட்ட மூத்தவர் ஒருவர் பேசும்போது இடைமறித்து 'நல்ல துறவியரும் இருந்தார்களே' என்று சொல்லாமல் இறுதிவரை கேட்பதற்கும் தாதிரிதான் தேவைப்படுகிறது.

மதக் கலப்பா?

கேள்வி நியாயமானது. கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கென்று 'பண்பாட்டுமயமாதல்' என்ற கருத்து இருக்கிறது. ஒரு மக்களின் பண்பாட்டுக்குள் நற்செய்தி வேரூன்றுவதும், அந்தப் பண்பாட்டின் வழியே திருச்சபை வளம் பெறுவதும் அது. 1606இல் மதுரைக்கு வந்து தமிழ்த் துறவியைப் போல வாழ்ந்த ராபர்ட் தெ நொபிலியைத் தமிழர்கள் அறிவார்கள். இந்த முயற்சியின் பழைய முன்னோடி அவர். நொபிலி போதிப்பதற்காகக் கற்றார். நான் சொல்லும் பள்ளி முதல்வரோ பெற்றுக்கொள்வதற்காகக் கற்கிறார். வேறுபாடு பெரிது.

இந்தத் திசைமாற்றத்துக்குத் திருச்சபையின் ஒப்புதலும் உண்டு. மற்றச் சமய மரபுகளில் உண்மையானதும் புனிதமானதுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1986 நவம்பர் 29 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆலிஸ் ஸ்பிரிங்சில் பூர்வகுடி மக்களிடம் பேசினார். அவர்கள் தங்கள் பங்களிப்பைத் தந்து, மற்றவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்கும்வரை, ஆஸ்திரேலியத் திருச்சபை இயேசு விரும்பும் திருச்சபையாக முழுமை பெறாது என்றார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், பூர்வகுடிகளுக்கு நிலம் விற்பனைப் பொருள் ஆகாது, கடவுளும் முன்னோரும் தந்த கொடை என்று எழுதினார்.

எனவே திருப்பலிக்கு முன் எழும் இலைப்புகை, திருப்பலியின் மையமான நற்கருணைக்குப் போட்டியாக வருவதில்லை. கூடியிருப்பவர்களைத் தூய்மைப்படுத்தி, மண்ணோடும் முன்னோரோடும் சேர்த்துவைக்கும் சடங்கு அது. அதே மக்கள் பின்னர் பீடத்தின் முன் தூபம் எழும்போதும் தலைவணங்குகிறார்கள். மிரியம்-ரோசைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வாழ்வு. தன் பூர்வகுடி ஆளுமையை விட்டுவிட்டுக் கிறிஸ்தவராக வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

எல்லை எங்கே?

இந்தக் கல்வியில் திறக்கப்படாத கதவுகள் உண்டு. சில கதைகள் ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும், சில உரிய தகுதிச் சடங்கு முடித்தவர்களுக்கு மட்டும். பள்ளியின் எந்த ஆவணத்தையும் திறக்க உரிமையுள்ள முதல்வருக்கு, தெரியாமலே இருந்து மரியாதை செய்வது புதிய பாடம். இந்தக் கட்டுப்பாடு அவரை எவ்வளவு பக்குவப்படுத்துகிறதோ, அவ்வளவு பக்குவம் வேறு எந்தப் பயிற்சியிலும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

தாதிரிக்கும் உரியவர்கள் இருக்கிறார்கள். டேலி ஆற்றங்கரையின் ஙன்கிகுருங்குர் மக்களிடமும் அவர்களின் அண்டை மக்களிடமும் வழங்கும் மரபு அது. மன அழுத்தம் குறைக்கும் உத்தியாக அதைச் சுருக்கி, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, மக்களை மறந்துவிடுவது அவர்களிடமிருந்து இன்னொன்றையும் பறிப்பதாகும். மெல்பர்ன் பள்ளி ஒன்று தாதிரி பற்றிப் பேசிவிட்டு, தான் நிற்கும் வுருண்ட்ஜெரி மண்ணின் மூத்தோரை அழைக்காமல் இருந்தால் அதிலும் பொருளில்லை.

உங்கள் பிள்ளையின் பள்ளி இதை எவ்வளவு உண்மையாகச் செய்கிறது என்று அறிய விரும்பினால் முதல்வரிடமே கேட்கலாம். இந்தப் பள்ளி எந்த மக்களின் மண்ணில் இருக்கிறது? அவர்களில் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறீர்கள்? சென்ற ஆண்டு அவர்கள் சொன்னதைக் கேட்டு எதை மாற்றினீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால், அங்கே சம்பிரதாயத்தைத் தாண்டி ஏதோ நடக்கிறது.